இந்திய டென்னிஸ் வீரர் யூகி பாம்ப்ரி ஒற்றையர் ஆட்டத்தை விட்டுவிட்டு இரட்டையருக்கு மாறியது சரியான முடிவா?

என்னைக் கேட்டால் ரொம்பச் சரி. 2009-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜூனியர் பட்டம், 2018-இல் ஒற்றையர் தரவரிசையில் 83-ஆவது இடம் என்று போய்க்கொண்டிருந்தவரை முழங்கால் காயம் ஏறத்தாழ இரண்டரை வருடம் வீட்டில் உட்கார வைத்துவிட்டது. இரட்டையரில் ஓட வேண்டியது பாதி மைதானம்தான். டூர் போட்டிகளில் டியூஸ் (40-40 சமநிலை) வந்தால் ஒரே பாயிண்டில் கேம் முடியும், மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 பாயிண்ட் வரை போகும் குட்டி ஆட்டமான டைபிரேக். அடிபட்ட முழங்காலுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஆனால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். யூகியின் பலமே சர்வீஸைத் திருப்பி அடிப்பது, அதனால் அவருக்கு நல்ல சர்வீஸ் உள்ள ஜோடி வேண்டும். 2024-இல் நெடுநெடுவென உயர்ந்த பிரெஞ்சு வீரர் ஒலிவெட்டியோடு மியூனிக், க்ஸ்டாட் போட்டிகள் இரண்டையும் வென்றது அப்படித்தான். அப்புறம் 2025 துபாய் இறுதி ஆட்டம்: ஆஸ்திரேலிய வீரர் பாப்பிரினோடு சேர்ந்து முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டைபிரேக்கில் பிடுங்கி, கடைசி டைபிரேக்கில் 10-8 என்று வென்றார். எதிரே நின்றவர்கள் அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓப்பன் சாம்பியன்கள்!

அதே ஆண்டு யுஎஸ் ஓப்பனில் நியூசிலாந்தின் மைக்கேல் வீனஸோடு அரையிறுதி வரை போனார், அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம் அரையிறுதி, 33 வயதில்.