சமையலறை ஜன்னலும் கட்டாத பால்கனியும்

இந்தியப் பெண் எழுத்தாளர்களின் புனைவில் பெண் விடுதலை பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: விடுதலைக் கதை என்றால் கடைசியில் நாயகி பெட்டியோடு வாசலைத் தாண்டியே ஆக வேண்டுமா?

பதில்: தாண்டுகிறவர்களும் உண்டு. ஆஷாபூர்ணா தேவியின் வங்க நாவல் 'பிரதம் பிரதிஸ்ருதி' (1964). தனக்குத் தெரியாமல் சிறுமியான மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று அறிந்ததும் நாயகி சத்யவதி வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். எனக்கோ அடுத்த பாகமான 'சுபர்ணலதா'தான் அதிகம் வலித்தது. அந்த மகளின் கதை அது. புது வீட்டில் ஒரு பால்கனி வேண்டும் என்கிறாள், வேறொன்றும் கேட்கவில்லை. கணவனும் தலையாட்டுகிறான். குடிபோய்ப் பார்த்தால் பால்கனியே இல்லை. அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த ஏமாற்றத்தை ஒருநாளும் விழுங்கிக்கொள்ளவும் இல்லை.

கேள்வி: அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சமைப்பதை இழிவாகப் பேசுகிறதே?

பதில்: அப்படி எனக்குப் படவில்லை. ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம், மூலையில் இருட்டுச் சமையலறை. வெளியே பச்சை மலை இருக்கிறது, துணிக்கொடி அதை மறைக்கிறது. தெற்கிலிருந்து வந்த மருமகள் இடத்தைக் கொஞ்சம் மாற்றலாமே என்று கேட்கிறாள், மாமனார் காதில் ஏறவில்லை. கதையின் நிஜமான கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. அந்த இருட்டறையின் ஆட்சியையே தங்கள் அதிகாரமாக நினைத்துப் பெண்களே போட்டி போடுகிறார்கள். அம்பைக்குச் சமையல்மேல் கோபமில்லை, அந்த நினைப்பின்மேல்தான்.

கேள்வி: இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி என்கிறார் என் மாமா.

பதில்: வங்க எழுத்தாளர் ரொகேயா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாவின் கனவு' பற்றி மாமாவிடம் சொல்லுங்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் நாட்டை ஆளும் கதை. 1905இல் வந்தது. எங்கே? நம்ம மதராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய பத்திரிகையில்.

கேள்வி: ஆண்கள் எல்லாம் வில்லன்களா?

பதில்: சசி தேஷ்பாண்டேயின் 'தட் லாங் சைலன்ஸ்' படியுங்கள். 1990இல் சாகித்ய அகாதமி பெற்ற நாவல். அதில் வரும் மோகன் கொடுமைக்காரன் இல்லை. மனைவி ஜெயா எழுதிய ஒரு கதை தன்னைப் பற்றியதோ என்று அவன் மனம் நோகிறான். அப்புறம் அவளே அந்த மாதிரி எழுதுவதை விட்டுவிடுகிறாள். தடை போட ஆளே தேவைப்படவில்லை.

கேள்வி: விடிந்தால் வயலுக்கு ஓடுகிறவளுக்குப் பால்கனியால் என்ன ஆகும்?

பதில்: நியாயமான கேள்வி. பாமாவின் 'சங்கதி' (1994) இதைத்தான் பேசுகிறது. அங்குள்ள தலித் பெண்கள் வெளியே வந்து வெகுகாலமாயிற்று. வயலில் ஆணைவிடக் குறைந்த கூலி, மேல்சாதி நிலக்காரனின் தொல்லை, வீட்டில் புருஷனின் அடி. வாய்ப்பேச்சு, ஏச்சு, பாட்டு எல்லாம் அவர்களுக்கு ஆயுதம். புத்தகத்தில் அந்த வசவுகளைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார் பாமா. முதலில் எதைப் படிப்பது என்று கேட்ட மூன்று பேருக்கும் என் பதில் இந்தப் புத்தகம்தான்.