இன்வெர்ட்டருக்கு இன்னொரு பேட்டரி: சீரீஸா, பேரலலா?

கேள்வி: வீட்டில் 900 வி.ஏ. இன்வெர்ட்டர், 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி. நான்கு வருடமாகிறது, இப்போது அதிக நேரம் தாங்குவதில்லை. கூடவே புதிதாக ஒன்று சேர்க்கலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். சீரீஸில் போட்டால் பவர் கூடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைச் செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இன்வெர்ட்டரின் லேபிளைப் பாருங்கள். பேட்டரி 12 வோல்ட் என்று இருந்தால் சீரீஸ் (ஒன்றின் ப்ளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு இணைப்பது) என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் கூடி 24 வோல்ட் ஏறினால் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட், கெபாசிட்டர் போன்ற பாகங்கள் கருகிவிடும். 24 வோல்ட் இன்வெர்ட்டர் என்றால் இரண்டு பேட்டரியையும் சீரீஸில்தான் போட வேண்டும். உங்களுடையது பெரும்பாலும் 12 ஆகத்தான் இருக்கும்.

பவர் கூடும் என்பது தவறு. சீரீஸில் 24 வோல்ட், 150 ஏ.எச். பேரலலில் (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) 12 வோல்ட், 300 ஏ.எச். பெருக்கினால் இரண்டுமே 3,600 வாட்-அவர்தான். எத்தனை வாட் ஓடும் என்பதை முடிவு செய்வது இன்வெர்ட்டர்.

ஆனால் நான்கு வருடப் பேட்டரியோடு புதியதைச் சேர்க்காதீர்கள். பழையதில் உள்ள ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால் அந்தப் பேட்டரி 10.5 வோல்ட் அளவில் நிற்கும். புதியது இரவும் பகலும் அதற்குள் கரண்டை இறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சூடாகும், இரண்டும் கெடும். முதலில் பழையதைச் சோதியுங்கள். டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் கழற்றி வைத்துவிட்டு, ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) விட்டுப் பாருங்கள். ஐந்தில் 1.240, ஒன்றில் மட்டும் 1.150 என்று காட்டினால் அந்தப் பேட்டரி முடிந்தது.

கடையில் யாரும் சொல்லாத விஷயம் சார்ஜிங். உங்கள் இன்வெர்ட்டர் 15 ஆம்பியர் தருவதாக வைத்துக்கொள்வோம். 150 ஏ.எச்.சுக்கு அது சரியான அளவு. 300 ஆனால் அதே 15 இரண்டாகப் பிரியும். காலியானதை நிரப்ப 20 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். தினமும் கரண்ட் போகிற ஊரில் அது முழுதாக நிரம்பவே நிரம்பாது, தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதனால் பழையதைக் கொடுத்துவிட்டு 200 அல்லது 220 ஏ.எச். பேட்டரி ஒன்று வாங்குவதே என் சிபாரிசு. இன்வெர்ட்டர் அதை ஏற்குமா என்று மட்டும் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு புதியதுதான் வேண்டுமென்றால் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதத் தயாரிப்பாக வாங்குங்கள். தனித்தனியே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வோல்டேஜ் வித்தியாசம் 0.1க்குள் வந்த பிறகே ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் இணையுங்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் ப்ளஸ் ஒயரை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அது மட்டுமே அதிகம் உழைத்துச் சீக்கிரம் சாகும். 600 வாட் லோடுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 60 ஆம்பியர் ஓடும் என்பதால் 25 சதுர மி.மீ. காப்பர் கேபிள் போடுங்கள். ஒவ்வொரு பேட்டரியின் ப்ளஸ்ஸிலும் தனி ஃப்யூஸ் அவசியம். கழற்றும்போது மைனஸ் முதலில். மோதிரம், வாட்ச் கையில் இருக்கக் கூடாது.

கேள்வி: எங்களுடையது 24 வோல்ட். சீரீஸில் உள்ள இரண்டில் ஒன்றில் மட்டும் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். வற்றுவது நல்ல பேட்டரியாகவும் இருக்கலாம். சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்டேஜ் மட்டும்தான். 28.8 வந்தால் ஆளுக்கு 14.4 என்று அது நினைத்துக்கொள்ளும். ஒன்றில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் அது 13க்குக் கீழேயே நிற்கும். மிச்சம் முழுவதும் நல்ல பேட்டரியின் தலையில் விழும். 16 வரைகூட ஏறி, கொதித்து, தண்ணீரை இழக்கும்.

சார்ஜ் முடியும் நேரத்தில் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரால் தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கழற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளங்கள். ஒன்று 10.6, இன்னொன்று 12.7 என்றால் கெட்டது 10.6தான். இரண்டும் 12.6க்கு மேலே நின்றால், ஃபேன், லைட் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். வற்றுகிற பேட்டரியே வேகமாக இறங்கினால் அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது. சீக்கிரம் நிரம்பி, அதற்கு மேலும் சார்ஜ் ஏறுவதால்தான் வற்றுகிறது.

வாங்கி ஒரு வருடத்துக்குள் என்றால் கெட்டதை மட்டும் மாற்றலாம். அதற்கு மேல் என்றால் ஜோடியாக மாற்றுங்கள். செலவு வலிக்கும்தான், ஆனால் புதியதும் பழையதும் சீரீஸில் இருந்தால் இதே கதை திரும்ப நடக்கும்.

கேள்வி: இதே மாதிரி 24 வோல்ட் செட்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ரவுட்டருக்கு 12 வோல்ட் எடுக்கலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: கூடாது. 1 ஆம்பியர் ரவுட்டர் ஒரு நாளில் அந்த ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 24 ஏ.எச். உறிஞ்சும், அதற்கு மட்டும் தனியாகத் திருப்பி நிரப்ப உங்கள் சார்ஜரால் முடியாது. 24-இலிருந்து 12க்கு இறக்கும் டி.சி. கன்வெர்ட்டர் ஒன்றை மொத்த 24 வோல்ட்டின் குறுக்கே கொடுத்து, ப்ளஸ்ஸில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். இரண்டிலிருந்தும் சமமாக, அரை ஆம்பியருக்குச் சற்று மேலே மட்டும் போகும்.