வீட்டை அடகு வைக்கும் முன் ஆல்பனிக்கு ஒருமுறை போய் வாருங்கள்

ஜார்ஜியாவின் ஜான்ஸ் க்ரீக்கிலிருந்து அழைத்த அம்மா, பேச ஆரம்பித்த உடனேயே அழுதுவிட்டார். இங்கேயே பிறந்த மகனுக்கு 17 வயது. பொழுதுபோக்காக ரேடியோவில் ஒலிபரப்பிப் பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறான், கராஜ் முழுக்க அவன் ஆன்டெனாக்கள்தான். டிவி நிலையத்தில் டிரான்ஸ்மிட்டர் வேலை பார்க்க வேண்டும் என்கிறான். நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பாவோ, பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்ததை விடவே கூடாது என்று தினமும் போன் செய்கிறார். ஆண்டுக்கு 85,000 டாலர். வீட்டின் மேல் கடன் வாங்கப் போகிறார்கள்.

அம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தக் கடனை வாங்காதீர்கள். நான்கு ஆண்டுக்கு 3,40,000 டாலர் ஆகும். பையனுக்குப் பிடிக்காத படிப்புக்காக இருக்கிற வீட்டை வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டிவி செத்துக்கொண்டிருக்கும் தொழில் என்று பெரியப்பா சொல்கிறாராம். அவருக்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1946-ல் ஜேம்ஸ் கிரே என்பவர் தெற்கு ஜார்ஜியாவின் ஆல்பனியில் உள்ளூர்ச் செய்தித்தாளை வாங்கினார். 1954-ல் அதே ஊரில் டபிள்யூஏஎல்பி என்ற டிவி நிலையத்தைத் தொடங்கினார். அடுத்து 1960-ல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒன்று. பெரிய நகரங்களை விட்டுவிட்டு, சின்ன ஊர்களாகப் பார்த்துச் சேர்த்த அவர் கம்பெனிக்கும் கிரே என்றே பெயர். 2002-ல் பெனடெக் கம்பெனியின் நிலையங்களை வாங்கியது. 2008 நெருக்கடியில் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனது. அதிலிருந்து எழுந்து 2019-ல் ரேகாம் என்ற டிவி கம்பெனியைச் சுமார் 360 கோடி டாலருக்கு வாங்கியது. அப்புறம் 2021-ல் குவின்சி, மெரடித் கம்பெனிகளின் நிலையங்கள். இன்று அட்லாண்டாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சந்தைகளில், அதாவது ஒளிபரப்புப் பகுதிகளில், நிலையங்களை நடத்துகிறது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. பக்கத்தில் ஃபுளோரிடாவின் டலஹாசி சந்தையின் நிலையத்தை வாங்கியபோது, ஒளிபரப்பு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால், அன்றைய விதிப்படி இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாமல், பிள்ளையார் சுழி போட்ட ஆல்பனி நிலையத்தையே கிரே கம்பெனி விற்க வேண்டிவந்தது. 1998-ல் காஸ்மாஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு ரேகாம். ரேகாமையே கிரே வாங்கியதும் பழைய வீட்டுக்குத் திரும்பியது. முதலாளி மூன்று முறை மாறியும், ஆல்பனிக்கு சிக்னல் அனுப்பும் கருவியைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஓர் ஆள் எப்போதும் வேண்டியிருந்தது. கம்பெனிகள் பெரிதாகும்போது ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அறையைத் தூரத்து ஊருக்கு மாற்றுகிறார்கள், செய்தி அறையில் ஆள் குறைக்கிறார்கள். அது உண்மை, மறைக்க மாட்டேன். டவரை மட்டும் அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சின்ன நிலையத்தில் சீஃப் இன்ஜினியரும் துணைக்கு ஓரிருவரும்தான் இருப்பார்கள். டிரான்ஸ்மிட்டர், மைக்ரோவேவ் இணைப்பு, ஸ்டுடியோ கேமரா, கம்ப்யூட்டர் நெட்வொர்க், ஜெனரேட்டர் எல்லாம் அவர்கள் தலையில். டவர் உச்சியின் எச்சரிக்கை விளக்கு அணைந்து அரை மணிக்குள் சரியாகாவிட்டால், விமானங்களுக்காக அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ-வுக்குத் தெரிவித்தாக வேண்டும். புயல் இரவில் ஊரே எச்சரிக்கைக்காக அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பவரும் அந்த இன்ஜினியர்தான். டிவி அலைவரிசைகளில் ஒரு பகுதியைச் செல்போன் சேவைக்கு விற்ற ஏலம் 2017-ல் முடிந்த பிறகு ஏறக்குறைய ஆயிரம் நிலையங்கள் சேனல் மாற வேண்டியிருந்தது. 2020 ஜூலைக்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடித்தார்கள். ஏணியில் ஏறி ஆன்டெனா மாற்றத் தெரிந்தவர்களுக்கு அப்போது எவ்வளவு கிராக்கி! இப்போது ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அதில் டிவி சிக்னல் இணைய நெறிமுறையில் போகிறது. ரேடியோவும் நெட்வொர்க்கும் இரண்டும் தெரிந்த பையனுக்கு இது அப்படியே பொருந்தும்.

சம்பளம்? முதல் சில ஆண்டுகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த நண்பனைவிடக் குறைவாகவே இருக்கும். இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். இதைப் பையனிடம் நேராகச் சொல்லுங்கள். கடனில்லாமல் வேலைக்குப் போனால் இந்தச் சம்பளம் போதும். தலையில் கடன் இருந்தால் போதாது. ஜார்ஜியாவில் மாநில அரசு நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னியல் பொறியியல் எடுக்கட்டும். பள்ளியில் 3.0 சராசரி இருந்தால் ஹோப் உதவித்தொகை உண்டு, லாட்டரிப் பணத்தில் 1993 முதல் நடக்கிறது. விடுதி, புத்தகம் போன்ற மற்றச் செலவுகளைத் தனியாகப் பாருங்கள். படிக்கும்போதே ஒளிபரப்புப் பொறியாளர் சங்கமான எஸ்பிஇ-யின் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதலாம்.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்லும் வேலையை அப்பாவிடம் விடுங்கள். பையனை ஆல்பனி டிவி நிலையச் சீஃப் இன்ஜினியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள், டிரான்ஸ்மிட்டர் அறையைப் பார்க்க அனுமதி கேட்டு. நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. பதில் வந்தால் ஒரு சனிக்கிழமை மூன்றரை மணி நேரம் தெற்கே ஓட்டிக்கொண்டு போங்கள். அந்த அறையில் அவன் முகம் எப்படி இருந்தது என்று திரும்பி வந்து எனக்குச் சொல்லுங்கள். அதுவரை வங்கியில் கையெழுத்துப் போட வேண்டாம்.