டின்னைத் திருப்பிப் பாருங்கள்: பெப்பர்மின்ட் ஃபட்ஜ் கேள்வி-பதில்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் இனிப்பு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். இந்த முறை பெரும்பாலும் பெப்பர்மின்ட் சாக்லேட் ஃபட்ஜ், அதாவது பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்து துண்டு போடுகிற மெத்தென்ற இனிப்பு. வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கி, பொருள் வாங்குவதிலேயே மாட்டிக்கொண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலர் ஏமாற்றப்பட்டவர்கள், சிலர் தாமாகப் போய் ஏமாந்தவர்கள். என் பதிலில் அந்த வித்தியாசம் தெரியும், கோபித்துக்கொள்ள வேண்டாம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு டின் பால், சாக்லேட், வெண்ணெய், பெப்பர்மின்ட் எல்லாம் செய்முறையில் சொன்னபடிதான் போட்டேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தும் கூழாகவே இருக்கிறது. டின்னில் ‘எவாப்பரேட்டட் மில்க்’ என்று இருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க்கும் அதுவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. எவாப்பரேட்டட் என்பது தண்ணீரை வற்றவைத்த வெறும் பால், சர்க்கரை சேர்க்காதது. கண்டென்ஸ்டு மில்க்கில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அடுப்பில் பாகு காய்ச்சாமலேயே ஃபட்ஜ் கட்டியாவது அதனால்தான். இரண்டு டின்னும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே அலமாரி என்பது உண்மை. எழுத்து வேறு என்பதும் உண்மை. செய்ததைக் கொட்டிவிடாதீர்கள், லேசாகச் சுடவைத்து ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ‘டார்க் சாக்லேட் ஸ்லாப்’ என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் பெரிய கட்டியாக வாங்கினேன். முன்பக்கம் கோகோ காய் படமெல்லாம் இருந்தது. ஃபட்ஜ் நன்றாகத்தான் இறுகியது, ஆனால் வாயில் கரையவே இல்லை. மேல் அண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒட்டுகிறது. குழந்தைகள்கூட ஒரு துண்டோடு நிறுத்திவிட்டார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா. உங்களுக்கு காம்பவுண்டை விற்றிருக்கிறார்கள். இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று இருக்கிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

சாக்லேட்டுக்கு உயிர் கோகோ பட்டர். சாதாரண அறைச் சூட்டில் கெட்டியாக இருந்து, நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும் கொழுப்பு அது. வாயில் போட்டதும் சாக்லேட் வழுக்கிக்கொண்டு போகிற சுகம் அதனால் வருவது. கோகோ பட்டர் விலை கூடியது. ஆகவே அதை எடுத்துவிட்டு, பாம் கெர்னல் எண்ணெய் மாதிரியான தாவரக் கொழுப்பையும் கோகோ தூளையும் சேர்த்துக் கட்டியாக்கினால் காம்பவுண்ட். அது விஷம் ஒன்றும் இல்லை. பிஸ்கட்டை முக்கி எடுக்க, மிட்டாய்க்கு மேல் பூச்சுப் போட அது சௌகரியமான சரக்கு. பெயரைச் சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. சாக்லேட்டின் சட்டையை மாட்டிவிட்டு விற்பதுதான் பிரச்சினை.

கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தர அளவுகோல் இருக்கிறது. சாக்லேட்டுக்கான அதன் தரம் 1981-இல் வந்தது. அதன்படி சாதாரண டார்க் வகைக்குச் சாக்லேட் என்று பேர் வைக்க மொத்த கோகோ 35 சதவீதமாவது வேண்டும், அதில் கோகோ பட்டர் மட்டுமே 18 சதவீதமாவது வேண்டும். வெள்ளைச் சாக்லேட் என்றால் கோகோ பட்டர் 20 சதவீதம். நாட்டுக்கு நாடு சட்டம் கொஞ்சம் மாறும், ஆனால் எங்கேயும் ஏதோ ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்ட முடியாதவர்கள்தான் ‘சாக்லேட்டி’, ‘சாக்லேட் ஃபிளேவர்டு’, ‘கோகோ கோட்டிங்’ என்று வார்த்தையை வளைக்கிறார்கள். லேபிளின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் ‘காம்பவுண்ட்’ என்று இருக்கும். சட்டப்படி சொல்லியாயிற்று, உங்கள் கண்ணில் படாமலும் பார்த்துக்கொண்டாயிற்று!

பாக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகம் உள்ளது முதலில் வரும். ‘சர்க்கரை, தாவரக் கொழுப்பு, கோகோ தூள்’ என்று ஆரம்பித்தால் அப்படியே அலமாரியில் திருப்பி வைத்துவிடுங்கள். கோகோ மாஸ் (கோகோ கொட்டையை அரைத்த விழுது), கோகோ பட்டர் என்ற இரண்டும் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் பின்பக்கப் படம் போடாத சரக்கை வாங்காதீர்கள். உங்கள் விஷயத்தில், விற்பனைப் பக்கத்தில் ‘டார்க் சாக்லேட்’ என்று இருந்ததை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அவர்கள் மாற்றிவிடலாம். அதையும் பாக்கெட்டின் பொருள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொன்னது ஒன்று அனுப்பியது ஒன்று என்று எழுத்தில் புகார் கொடுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கழித்துவிடுவார்கள்.

கேள்வி: அறையில் நறுமணம் பரப்பவென்று வாங்கிய பெப்பர்மின்ட் எண்ணெய் வீட்டில் இருந்தது. செய்முறையில் ஒரு டீஸ்பூன் எக்ஸ்ட்ராக்ட் கேட்டது. அதே அளவு எண்ணெயை ஊற்றினேன். சாப்பிட்டால் தொண்டை எரிகிறது. பாட்டிலில் ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சாக்லேட் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தட்டோடு குப்பையில் போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. எக்ஸ்ட்ராக்ட் என்பது எண்ணெயைக் கொஞ்சமாக எடுத்து ஆல்கஹாலில் கலந்தது. எண்ணெய் அதன் மூலச் சரக்கு. சமையலுக்கென்றே விற்கும் பெப்பர்மின்ட் எண்ணெயையும் சொட்டுக் கணக்கில்தான் விடுவார்கள், அதுவும் ஒவ்வொரு சொட்டாக ருசி பார்த்து. நீங்கள் ஊற்றியது சமையலுக்கானதே இல்லை. அதைப் பாட்டிலே சொல்லியிருக்கிறது, நீங்களும் படித்திருக்கிறீர்கள். பிறகு என்னிடம் என்ன கேள்வி?

கேள்வி: ‘மின்ட் எக்ஸ்ட்ராக்ட்’ போட்டேன். ஃபட்ஜ் சூயிங்கம் மாதிரி மணக்கிறது. மட்டமான சரக்கா?

பதில்: மட்டம் இல்லை, வேறு சரக்கு. வெறும் ‘மின்ட்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஸ்பியர்மின்ட்டும் கலந்திருக்கும். அதன் மணம் கார்வோன் என்கிற வேதிப்பொருளால் வருவது. பெப்பர்மின்ட்டின் ஜில்லென்ற உறைப்பு மெந்தாலால் வருவது. ‘பெப்பர்மின்ட்’ என்று முழுப் பெயர் இருக்கிற பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பல வருஷமாக ஒரே செய்முறைதான். ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், இரண்டு பாக்கெட் சாக்லேட் சிப்ஸ். இந்த வருஷம் மட்டும் இளகிப்போய்விட்டது. அதே பிராண்ட், அதே பாக்கெட். கை மறந்துவிட்டதோ?

பதில்: கை மறக்கவில்லை. பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். பழைய கவர் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதிலுள்ள எடையையும் பாருங்கள். அட்டைப் படத்தையும் விலையையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் குறைப்பது இனிப்புச் சரக்கில் சர்வ சாதாரணம். புது எடை மூலையில் அச்சாகியிருக்கும், யாரும் கேட்கவும் முடியாது. உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நம்பிய பொருளே காலை வாரிவிட்டது.

இனிமேல் பாக்கெட் கணக்கை விட்டுவிட்டுக் கிராம் கணக்குக்கு வாருங்கள். 397 கிராம் டின்னுக்கு டார்க் சாக்லேட் ஏறக்குறைய 500 கிராம். மில்க் சாக்லேட் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும், அது இளகல் ஜாதி. எக்ஸ்ட்ராக்ட் அரை டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். டின் எடையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை.

கேள்வி: ஃபட்ஜுக்கு தெர்மாமீட்டர் அவசியமா? துப்பாக்கி மாதிரி நீட்டினால் சூடு காட்டுகிற இன்ஃப்ரா ரெட் ரகம் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: கண்டென்ஸ்டு மில்க்கில் சாக்லேட்டை உருக்கிச் செய்யும் முறைக்கு எதுவும் வேண்டாம். சர்க்கரையும் பாலும் காய்ச்சுகிற பழைய முறை என்றால் வேண்டும். 112-லிருந்து 116 டிகிரி செல்சியஸுக்குள் இறக்கியாக வேண்டும். அப்புறம் கரண்டி படாமல் ஐம்பது டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு, அதன் பிறகுதான் அடித்துக் கிளற வேண்டும். சூட்டிலேயே கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகமாகி நறநறவென்று போய்விடும்.

இன்ஃப்ரா ரெட் வேண்டாம். அது மேல்பரப்பை மட்டும் பார்க்கும், குறுக்கே ஆவி வந்தால் அதுவும் தப்பாகும். என் சமையலறை இழுப்பறையில் அப்படி ஒன்று பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. பக்கத்திலேயே, ஆசைப்பட்டு வாங்கிய நட்சத்திர வடிவ சிலிக்கான் அச்சும் கிடக்கிறது. எத்தனை கழுவியும் போகாத ரப்பர் வாடை அதற்கு. பாத்திர ஓரத்தில் மாட்டுகிற, முனை பாகில் மூழ்குகிற சாதாரண தெர்மாமீட்டர் போதும். முனை அடிப்பாத்திரத்தில் முட்டக்கூடாது. வாங்கியதும் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும், மலைப்பகுதி என்றால் 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி குறையும். 97 காட்டுகிற கருவியை வைத்துக்கொண்டு பாகு கெட்டுப்போச்சு என்று சர்க்கரையைத் திட்டாதீர்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் போதும். ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும்.

கேள்வி: மேலே தூவிய பெப்பர்மின்ட் மிட்டாய்த் தூள் மறுநாள் பிசுபிசுத்து, சிவப்புச் சாயம் ஃபட்ஜில் இறங்கிவிட்டது. மிட்டாய்க் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சர்க்கரை மிட்டாய் ஈரத்தை இழுக்கும், நீங்கள் அதை ஃபிரிட்ஜில் வைத்தீர்கள். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் தூவுங்கள்.

கேள்வி: சமையல் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் ‘நூறாண்டு ரகசிய ஃபட்ஜ்’ என்று தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு மின்நூல் கொடுத்தார்கள். திறந்தால் நான்கு பொருள், பத்து வரி.

பதில்: அந்தப் பத்து வரி அநேகமாகக் கண்டென்ஸ்டு மில்க் டின்னின் பின்பக்கத்தில் இலவசமாக இருக்கும். ஃபட்ஜில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் படித்த எமிலின் ஹார்ட்ரிட்ஜ், பால்டிமோரில் இருந்த தோழியின் உறவினரிடம் செய்முறையை வாங்கி, 1888-இல் கல்லூரி ஏலத்துக்கு முப்பது பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோ ஃபட்ஜ் செய்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து மற்ற பெண்கள் கல்லூரிகளுக்கும் பரவியது. அவர் மூடி வைத்திருந்தால் நம் கைக்கு வந்தே இருக்காது. மின்நூல் என்பதால் பணம் திரும்புவது கஷ்டம், ஆனாலும் விளம்பரத்தில் சொன்ன பக்க எண்ணிக்கையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் சைவம். மார்ஷ்மெல்லோ சேர்த்த ஃபட்ஜ் சாப்பிடலாமா?

பதில்: சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. ஜாடியில் வரும் மார்ஷ்மெல்லோ க்ரீமில் பொதுவாக முட்டை வெள்ளை. இரண்டுமே இல்லாமல் ஃபட்ஜ் நன்றாகவே வரும்.

கேள்வி: சர்க்கரை வியாதிக்காரருக்காக ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட் வாங்கி, கண்டென்ஸ்டு மில்க்கில் ஃபட்ஜ் செய்தேன். எத்தனை துண்டு கொடுக்கலாம்?

பதில்: முதல் பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

கேள்வி: பண்டிகைக்கு முன்பே வந்துவிடும் என்று உறுதி சொன்னதால் கிஃப்ட் ஃபட்ஜ் பெட்டி ஆர்டர் செய்தேன். ஜனவரியில் வந்தது, அதுவும் உருகி ஒரே பாளமாக. ‘உணவுப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார்கள்.

பதில்: அந்த விதி, வாங்கியவர் மனசு மாறினால் சொல்வதற்கு. உருகிய சரக்கைத் தாமதமாக அனுப்பியவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. டெலிவரித் தேதி சொன்ன மின்னஞ்சல், பெட்டியைத் திறந்தபோது எடுத்த படம், கூரியர் சீட்டு மூன்றையும் சேர்த்து எழுத்தில் ஒரு கெடு கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். மசியவில்லையென்றால், கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே தகராறு பதிவு செய்யுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று விற்பவர் இழுப்பதே அந்தக் கெடு கடந்துபோகத்தான். அடுத்த முறை பெட்டியின் அளவைப் பார்த்து மயங்காமல் நிகர எடையைப் பாருங்கள். எனக்கு வந்த ஒரு பண்டிகைப் பெட்டியில் பாதி ஆழத்துக்கு அட்டை மேடை, அதன்மேல் ஒரே அடுக்கு ஃபட்ஜ்.

கேள்வி: செய்ய நேரமில்லை. ரெடிமேடாக வாங்கி, துண்டு போட்டு, வேறு டப்பாவில் மாற்றி ‘வீட்டில் செய்தது’ என்று கொடுத்தால் கண்டுபிடிப்பார்களா?

பதில்: மாட்டார்கள். ஆனால் பழைய டப்பாவோடு சேர்ந்து, கொட்டை வகைகள் கலந்திருக்கலாம் என்று அதில் இருக்கிற எச்சரிக்கை வரியும் குப்பைக்குப் போகிறது. கொட்டை ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டால் ஆஸ்பத்திரிதான். அந்த வரியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். யார் செய்தது என்பதை நான் வெளியே சொல்லமாட்டேன்.