கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் தெரியாது: நைஜீரியா பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள்

லாகோஸில் 11 வருடம், அப்புறம் எனுகுவில் 3 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். நைஜீரியாவில் 500-க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. எனக்குப் பழக்கமானவர்கள் தெற்கே யோருபா, இக்போ மக்கள்தான். வடக்கே கானோவுக்கு இரண்டு முறை போனதோடு சரி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் வேலைக்கு லாகோஸ் போகிறேன் அக்கா. ஆங்கிலம் மட்டும் போதுமா? அங்கே பேசும் பிட்ஜின் என்பது உடைந்த ஆங்கிலம்தானே?

ஆபீசுக்கு ஆங்கிலம் போதும் தம்பி. சந்தைக்கும் மஞ்சள் நிற டான்ஃபோ வேனுக்கும் பிட்ஜின் வேண்டும். அதை உடைந்த ஆங்கிலம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு முழுமையான இலக்கணம் இருக்கிறது. 'சாப்' என்றால் சாப்பிடுவது. 'ஐ டே சாப்' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், 'ஐ டோன் சாப்' என்றால் சாப்பிட்டுவிட்டேன், 'ஐ கோ சாப்' என்றால் சாப்பிடுவேன். மூன்று காலமும் எவ்வளவு சுத்தமாகப் பிரிகின்றன, பாருங்கள்.

சொற்களும் பல கரைகளிலிருந்து வந்தவை. 'தெரியும்' என்பதற்கான 'சாபி', குழந்தையைக் குறிக்கும் 'பிக்கின்' இரண்டும் போர்த்துகீசியர் விட்டுச் சென்றவை. பலரைச் சேர்த்து அழைக்கும் 'உனா' இக்போவிலிருந்து வந்தது. முதலாளியைக் கூப்பிடும் 'ஓகா' யோருபா. பிபிசி 2017-ல் பிட்ஜினில் தனிச் சேவையே தொடங்கியது. ஒரு யோருபா மெக்கானிக்கும் இக்போ கடைக்காரரும் வடக்கிலிருந்து வந்த ஹௌசா இனக் காவலாளியும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது இந்த மொழியில்தான். யாராவது 'ஹௌ ஃபார்?' என்றால் தூரம் கேட்கவில்லை, நலம் விசாரிக்கிறார்கள். 'ஐ டே', அதாவது நலமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள், போதும்.

கேள்வி: நான் இங்கிலாந்தில் நர்ஸ். என் கால் மேஜையில் இடித்தால் நைஜீரியத் தோழி 'ஸாரி, ஸாரி' என்கிறாள். அவள் ஒன்றுமே செய்யவில்லையே? காய்ச்சலோடு வேலைக்கு வந்து 'ஐ ஆம் ஸ்ட்ராங்' என்றும் சொல்கிறாள்.

அந்த 'ஸாரி' மன்னிப்பு இல்லைம்மா. யோருபாவில் 'பெலெ', இக்போவில் 'ந்டோ', ஹௌசாவில் 'சன்னு' என்று ஆறுதல் சொல்லும் சொற்கள் இருக்கின்றன. இடித்துக்கொண்டவருக்கும், பாரம் தூக்குபவருக்கும், துக்கத்தில் இருப்பவருக்கும் சொல்வது. அதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நாம் 'அச்சோ, பார்த்து' என்று பதறுவோமே, அதேதான்.

'ஐ ஆம் ஸ்ட்ராங்' வேறு விஷயம். வாயிலிருந்து விழும் சொல் பலித்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே ஆழமானது. நோய் என்று உச்சரித்தால் அதற்கு இடம் கொடுத்ததாகிவிடும். கெட்ட செய்தி கேட்டால் தலையைச் சுற்றிக் கையை வீசி விரலைச் சொடுக்கி, இக்போக்காரர் 'துஃபியாக்வா' என்பார், யோருபாக்காரர் 'ஓலோருன் மாஜே' என்பார். கடவுள் அதை நடக்கவிடாமல் இருக்கட்டும் என்று பொருள். தோழியின் உண்மையான உடல்நிலை தெரிய வேண்டுமென்றால் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்று கேளுங்கள், பதில் வரும்.

கேள்வி: செய்திகளில் முஸ்லிம், கிறிஸ்தவர் மோதல்தான் வருகிறது. உண்மையில் எப்படி?

மோதல் பொய்யில்லை. வடகிழக்கில் 2009-லிருந்து போகோ ஹராம் என்ற தீவிரவாத அமைப்பின் வன்முறை பல்லாயிரம் உயிர்களைத் தின்றிருக்கிறது. ஜோஸ் நகரம் 2001-லிருந்து மதக் கலவரத்தில் பலமுறை எரிந்தது. இதை மறைக்க மாட்டேன்.

ஆனால் நான் வாழ்ந்த யோருபா பகுதியில் ஒரே வீட்டில் அப்பா முஸ்லிம், அம்மா கிறிஸ்தவர், பிள்ளைகளில் இரண்டு பேர் இங்கும் ஒருவர் அங்கும் என்பது சாதாரணம். பக்ரீதை அவர்கள் 'இலேயா' என்பார்கள். வீட்டுக்குப் போகும் நேரம் என்று பொருள். அன்று எங்கள் தெருவில் ஆட்டுக்கறி எல்லா வீட்டுக்கும் போகும். கிறிஸ்துமஸ் அன்று சோற்றுப் பாத்திரம் எதிர்த்திசையில் வரும். லாகோஸிலிருந்து இபாதான் போகும் நெடுஞ்சாலையில் ரிடீம்டு சர்ச் என்ற பெந்தெகொஸ்தே சபையின் மிகப்பெரிய முகாம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி இரவு விடியவிடிய ஜெபம், கூட்டத்தில் வண்டிகள் நகராது. அதே சாலையில்தான் 1995-ல் தொடங்கிய நாஸ்ஃபாத் என்ற முஸ்லிம் அமைப்பின் தொழுகை மைதானமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இரவு ஜெபம் செய்வார்கள், இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி உண்டு. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டது இது.

கேள்வி: பழைய தெய்வங்கள் எல்லாம் போய்விட்டனவா?

போகவில்லை. ஓசோக்போவில் ஓஷுன் என்ற ஆற்றுத் தெய்வத்தின் புனிதக் காடு இருக்கிறது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆகஸ்ட் திருவிழாவுக்கு ஏகப்பட்ட கூட்டம் வரும். ஆனால் பெயர்களில் மாற்றம் தெரியும். குறி சொல்லும் இஃபா தெய்வத்தின் பெயரில் தொடங்கும் குடும்பப் பெயர்களைப் பலர் 'ஜேசு' என்றோ 'ஒலு' என்றோ மாற்றிக்கொண்டார்கள். பெயரின் பின்பாதி அப்படியே இருக்கும், முன்னால் இருக்கும் கடவுள் மட்டும் மாறியிருப்பார்.

கேள்வி: சர்ச்சிலும் மசூதியிலும் எந்த மொழி?

யோருபா பைபிள் முழுதாக 1884-லேயே வந்துவிட்டது. அதற்காக உழைத்த சாமுவேல் அஜாயி குரௌதர், சிறுவனாக அடிமை வியாபாரிகளிடம் சிக்கி மீட்கப்பட்டவர். 1864-ல் ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனார். இன்று யோருபா எழுதப்படும் முறைக்கும் அந்த வேலைதான் அடித்தளம். வெள்ளை அங்கி போடும் அலாதுரா சபைகளில் இன்றும் யோருபா ஜெபம் காதில் விழும். லாகோஸின் புதிய பெந்தெகொஸ்தே சபைகளில் போதகர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் ஒருவர் யோருபாவில் மொழிபெயர்ப்பார். இளைஞர் ஆராதனை என்றால் அந்த மொழிபெயர்ப்பாளரும் இல்லை. மசூதியில் அரபி ஓதிவிட்டு யோருபாவிலோ ஆங்கிலத்திலோ விளக்குவார்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, கவனம் மட்டும் வேண்டும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் அன்போடு மீன் வைப்பார்கள். மீனும் வேண்டாம் என்றாலும் குழம்பில் காய்ந்த இறால் பொடி இருக்கும். அதற்கு 'கிரேஃபிஷ்' என்று பெயர், கிட்டத்தட்ட எல்லாக் குழம்பிலும் போடுவார்கள். அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

காலையில் அகாரா சாப்பிடுங்கள். தோல் நீக்கிய காராமணியை அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் பொரிப்பது. முதல் கடியில் வீட்டு வடை நினைவு வந்து எனக்குக் கண் கலங்கியது. அதே மாவை ஆவியில் வேகவைத்தால் மொயின் மொயின். அதற்குள் முட்டையோ மீனோ ஒளிந்திருக்கும், கேட்டு வாங்குங்கள். தெருவோரம் சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் கிடைக்கும், அதன் பெயர் 'போலே'. மழைக்காலத்தில் சுட்ட சோளத்தைத் தேங்காய்த் துண்டோடு தருவார்கள்.

ஹௌசாக்காரர்கள் விற்கும் 'சோகாலே' பற்றியும் சொல்ல வேண்டும். அது நம் முருங்கைக்கீரைதான்! வேகவைத்துப் பிழிந்து, எண்ணெய் எடுத்தபின் வரும் கடலைச் சக்கையில் செய்த 'குலிகுலி'யை நொறுக்கிப் போட்டு, வெங்காயம், தக்காளி, மிளகாய்ப்பொடி சேர்த்துப் பிசைந்து தருவார்கள். முருங்கை நம் பக்கத்திலிருந்து போன மரம். கானோவில் அதைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்கு வந்ததும் அதேபோலச் செய்தேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது.

கேள்வி: இடித்த கிழங்கை மெல்லக் கூடாதாமே?

ஆமாம், அதனால்தான் அந்த வகை உணவுக்கே 'ஸ்வாலோ' என்று பெயர். யாம் கிழங்கை வேகவைத்து உரலில் இடிப்பது, மரவள்ளியில் செய்யும் எபா, கிழங்கு மாவில் கிண்டும் அமலா எல்லாம் இதில் சேரும். நம் களி மாதிரி வலது கையால் சிறு உருண்டை எடுத்து, நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. நமக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: ஜோலோஃப் சோறு கானாவில் நல்லதா, நைஜீரியாவில் நல்லதா?

ஜோலோஃப் என்பது தக்காளியும் மிளகாயும் சேர்த்துச் சமைக்கும் சோறு. பெயர் செனகல் பக்கத்து வோலோஃப் மக்களிடமிருந்து வந்தது. என் ஓட்டு, நைஜீரியக் கல்யாணத்தில் விறகடுப்பில் அடிப்பிடித்துப் புகைமணம் ஏறிய சோற்றுக்கு. நிகழ்ச்சிகளில் சாப்பாட்டை 'ஐட்டம் செவன்' என்பார்கள். அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள்.

கேள்வி: டீச்சர், அங்கும் பிள்ளைகள் தாய்மொழி மறந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிறார்களா?

நகரத்தில் ஆமாம். இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்த ஒரு பள்ளியில் தாய்மொழிக்கு 'வெர்னாகுலர்' என்று பெயர். பேசினால் 10 நைரா அபராதம். வகுப்புத் தலைவன் பெயர் எழுதுவான், நான் வசூலிப்பேன். ஒருநாள் 11 வயதுப் பெண் ஒருத்தி கதவில் விரல் நசுங்கி யோருபாவில் அலறினாள். அவள் பெயரும் அன்றைய பட்டியலில் இருந்தது. நான் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அதற்கு முன் இரண்டு வருடம் கேள்வி கேட்காமல் வசூலித்தவள் நான்தான். அது இன்னும் உறுத்துகிறது.

தாய்மொழியில் படித்தால் ஆங்கிலம் கெடும் என்ற பயத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. 1970-ல் இஃபே பல்கலைக்கழகத்தில் பாப்ஸ் ஃபஃபுன்வா என்ற கல்வியாளர் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு பிரிவுக்குத் தொடக்கப் பள்ளியின் ஆறு வருடமும் யோருபாவில் பாடம், ஆங்கிலம் தனிப் பாடமாக. இன்னொரு பிரிவு வழக்கம்போல மூன்று வருடத்துக்குப் பின் ஆங்கில வழிக்கு மாறியது. யோருபாவில் படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முன்னே நின்றார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. இத்தனை தெரிந்த நாட்டில், ஆறு வருடமும் தாய்மொழி வழி என்று 2022 நவம்பரில்தான் அரசு முடிவெடுத்தது. 2025 நவம்பரில் அதையும் கைவிட்டு, ஆங்கிலமே என்று அறிவித்துவிட்டார்கள். ஆசிரியரும் புத்தகமும் இல்லாமல் கொள்கை நிற்காது என்பது நியாயம்தான். ஆனால் அவற்றைத் தயார்செய்ய மூன்று வருடம் ஒரு அவகாசமா?

எனுகுவில் இருந்தபோது ந்சுக்கா பக்கம் ஒரு மாணவியின் தாத்தா வீட்டுக்குப் போனேன். இக்போ வீட்டில் விருந்தாளிக்கு முதலில் வருவது கோலாக் கொட்டை, கோலா மரத்தின் கசப்பான விதை. கோலா கொண்டு வருபவர் உயிரைக் கொண்டு வருகிறார் என்பார்கள். அதை ஆண்கள் கைமாற்றிச் சுற்றி அனுப்பி, திரும்ப வீட்டுக்காரர் கைக்கு வந்தபின் ஜெபம். அன்று லாகோஸிலிருந்து வந்திருந்த பேரனை ஜெபிக்கச் சொன்னார்கள். 16 வயதுப் பையன், ஆங்கிலத்தில் தொடங்கினான். தாத்தா மெதுவாக அவன் கையைப் பிடித்து 'ஓஜி அனாகி அனு பெக்கே' என்றார். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது.

திட்டவில்லை. அவரே ஒரு வரி சொன்னார், பையன் திருப்பிச் சொன்னான், சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொரு வரிக்கும் 'ஈசே' என்றார்கள். ஆமென் மாதிரி. முன்னோரை அழைத்து, மழையையும் விளைச்சலையும் கேட்டு, கடைசியில் கிறிஸ்துவின் பெயரால் என்று இக்போவிலேயே முடித்து, சிலுவை அடையாளம் போட்டார் அந்தக் கத்தோலிக்கப் பெரியவர். கொட்டையை உடைத்தார்கள், நான்கு பிளவு. இக்போ வாரத்தில் நான்கு நாள்: ஏக்கே, ஓரியே, அஃபோ, ந்க்வோ. நல்ல சகுனம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். கடலையும் மிளகாயும் அரைத்த விழுதில் தோய்த்துச் சாப்பிட்டோம். ஒரே கசப்பு. பையன் மட்டும் அன்று முழுக்க அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

கேள்வி: நான் முதலில் கேட்ட ஆள்தான் அக்கா. போவதற்கு முன் யோருபாவில் ஒன்றே ஒன்று கற்றுக்கொள்வதென்றால்?

'எ கு'. இதோடு எதைச் சேர்த்தாலும் வணக்கம் ஆகிவிடும். 'எ' மரியாதைப் பன்மை, நம் 'நீங்கள்' மாதிரி. வேலை செய்பவரிடம் 'எ கு இஷெ'. சும்மா உட்கார்ந்திருப்பவரிடம்கூட 'எ கு இஜோக்கோ', அதாவது உட்கார்ந்திருப்பதற்கு ஒரு வணக்கம். நாளாகிப் பார்ப்பவரிடம் 'எ கு ஓஜோ மெட்டா', மூன்று நாளாயிற்றே என்று. வாசல் காவலாளியிடம் முதல் நாளே 'எ கு இஷெ' சொல்லிவிட்டு உள்ளே போங்கள். பெரியவராக இருந்தால் லேசாகக் குனிந்து சொல்லுங்கள்.