கேஸ் கேனைச் சுற்றி வேலி கட்டாதீர்கள்

கேள்வி: நண்பர்களோடு ஏற்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கினோம். கேனின் தலையில் திருகி மாட்டும் சின்ன கேஸ் அடுப்பு. காற்றில் தீ படுத்துப் படுத்து, அரை மணி நேரமாகியும் டீத்தண்ணீர் கொதிக்கவில்லை. பழைய எண்ணெய் டின்னை வெட்டி அடுப்பைச் சுற்றி மறைப்பு வைக்கலாமா?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வைக்கலாம். அந்த ‘சுற்றி’ மட்டும் வேண்டாம்.

உங்கள் அடுப்பில் பர்னருக்கு நேர் கீழே கேன். சுற்றிலும் தகடு நின்றால் காற்றோடு சேர்ந்து சூடும் வெளியேற வழியில்லாமல் கேனைச் சுடும். உள்ளே அழுத்தம் ஏறும், கேன் வெடிக்கும். 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று கேன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். எறும்பு எழுத்தில் போட்டால் யார் படிப்பார்கள்?

ஆகவே காற்று வரும் பக்கம் மட்டும் அரைவட்டமாகத் தகட்டை நிறுத்துங்கள். பாத்திரத்துக்கும் தகட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். உயரம் பாத்திரத்தின் அடியை இரண்டு விரல் தாண்டினால் போதும். நடுநடுவே கேனைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள். பாத்திரத்துக்கு மூடி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், தெரியுமா?

சரி, சுற்றி மூடக்கூடிய அடுப்பே கிடையாதா என்றால், உண்டு. கேன் தள்ளி இருந்து, ரப்பர் குழாய் வழியாக கேஸ் வரும் வகை. அதற்கு முழு வட்டமாகவே மறைப்பு வைக்கலாம். ஆனால் குழாய் தகட்டில் உரசக் கூடாது. கேன் மறைப்புக்கு வெளியே இருக்க வேண்டும், கைக்கு எட்டும் தூரத்தில். தகட்டின் அடியில் காற்றுப் போக ஓட்டைகள் வேண்டும். இதைச் சொன்னதும், கேனைக் குழாயோடு சேர்த்து உள்ளே வைத்து அழகாக மூடிக் காட்டினார் என் வாடிக்கையாளர் ஒருவர். அதனால்தான் இத்தனை முறை சொல்கிறேன்.

எண்ணெய் டின் சரிதான். வெளிப்புறப் பெயின்ட் முதல் தடவை புகையும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை சுட்டு எடுத்துவிடுங்கள். விளிம்பை மடித்துத் தட்டாவிட்டால் கை கிழியும். எவர்சில்வர் தகடு இன்னும் நல்லது, இரும்பாலை இருக்கும் ஊரில் துண்டுக்கா பஞ்சம்? ஆனால் ஜி.ஐ. தகட்டை எவர்சில்வர் என்று தள்ளிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மேலே பூப்பூவாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது துத்தநாகப் பூச்சு. தீயருகே வேண்டாம், அந்தப் புகை ஆகாது.

தகட்டைவிட எனக்குக் கவலை கேன்தான். தீர்ந்த கேனில் வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றித் தருகிறேன் என்று ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். வீட்டு கேஸில் புரோப்பேன் கலந்திருக்கும், அழுத்தம் அதிகம். ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்று செய்த மெல்லிய பியூட்டேன் கேன் அதைத் தாங்காது. எடை பார்க்காமல் கழுத்து வரை நிரப்பியும் விடுவார்கள். ஓர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அது எங்கள் வேலை இல்லை, பக்கத்துக் கட்டிடம் என்றார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் மறுபடி இங்கேயே அனுப்பினார்கள்.

உங்கள் கேன் எங்கே வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. மறுபடி நிரப்பிய கேன் என்றால், மறைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அடுப்பில் மாட்டாதீர்கள்.