நகராட்சி மாதக் கூட்டத்தில் உண்மையில் என்னதான் நடக்கிறது? சாதாரண மக்கள் அதைக் கவனிப்பதால் ஏதாவது பயன் உண்டா?

பயன் உண்டு. ஆனால் கூட்டத்தில் யார் சத்தம் போட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, மேசையில் என்ன தாள் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகப் பல வருடம் நகர்மன்றக் கூட்டச் செய்தி எழுதி அனுப்பியவன் நான். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை, தமிழ்நாட்டில் 138 நகராட்சிகளுக்கு 2022-ல் தேர்தல் நடந்தது, கூட்டம் நடக்கும் விதம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மறுநாள் பேப்பரில் 'காரசார விவாதம்', 'கவுன்சிலர்கள் வெளிநடப்பு' என்று வரும். அது நடப்பது உண்மை. ஆனால் ஊருக்குப் பாதிப்பை உண்டாக்கும் முடிவுகள் பெரும்பாலும் அந்த விவாதத்துக்கு வெளியே, யாரும் வாய் திறக்காமல் நிறைவேறிவிடும்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே கவுன்சிலர்கள் வீட்டுக்கு அஜெண்டா, அதாவது கூட்டத்தில் எடுக்கப்போகும் பொருள்களின் பட்டியல், வந்துவிடும். சில மாதம் பத்துப் பக்கம், சில மாதம் ஐம்பது பக்கம். அதில் ஒவ்வொரு பொருளும் ஒரே நடையில் இருக்கும்: 'இந்நகராட்சிக்குச் சொந்தமான ஆழ்துளைக் கிணற்றில் பொருத்தப்பட்டுள்ள மின்மோட்டார் பழுதடைந்த நிலையில், பொதுமக்கள் நலன் மற்றும் அவசர அவசியம் கருதி உடன் பழுது நீக்கம் செய்யப்பட்ட வகையில் ஏற்பட்ட செலவினத்தை அனுமதிக்க மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது.' கீழே அலுவலகக் குறிப்பு. அதற்குக் கீழே தீர்மானம் எழுத இடம். கூட்டத்தில் எழுத்தர் பொருளின் தலைப்பை மட்டும் வேகமாக வாசிப்பார், தலைவர் 'ஆல் பாஸ்' என்பார், முடிந்தது.

அந்த மோட்டார் வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். 'செய்யப்பட்ட வகையில்' என்று இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, மன்றத்திடம் கேட்பது பின்னேற்பு அனுமதிதான். மோட்டார் நின்றால் அடுத்த மாதக் கூட்டம் வரை தெருவைத் தண்ணீர் இல்லாமல் விட முடியாது, அதனால் இந்த ஏற்பாடு தேவைதான். குடிநீர்க் குழாய் உடைப்பு, குப்பை வண்டி பழுது, மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர், டெங்கு நேரத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர் கூலி எல்லாம் இப்படித்தான் வரும். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. ஒரு வருட அஜெண்டாவைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பெரிதாகத் தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு பெண் கவுன்சிலர் அதைத்தான் செய்தார். முதல் முறை தேர்வானவர், பேச்சாளர் இல்லை. வருகிற அஜெண்டாவையெல்லாம் கயிறு கோத்து ஒரு கோப்பாக வைத்திருந்தார். ஒரு கூட்டத்தில் எழுத்தர் மோட்டார் பழுதுக்கான பொருளை வாசித்ததும் எழுந்து, இதே ஆழ்துளைக் கிணற்றின் இதே மோட்டாருக்குக் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கட்டிய செலவு இதற்கு முந்தைய எந்தெந்த மாத அஜெண்டாவில் வந்தது என்று பொருள் எண்ணோடு வாசித்தார். 'இவ்வளவுக்குப் புது மோட்டாரே வாங்கியிருக்கலாமே சார்' என்று மட்டும் கேட்டார். பொறியாளர் பிரிவில் உடனே பதில் இல்லை. அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் புது மோட்டாருக்கு மதிப்பீடு வந்தது. அன்று வேறு ஒரு விஷயத்துக்காகச் சிலர் தரையில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். செய்தியில் அதுதான் வந்தது. என்னைக் கேட்டால் அந்த வருடம் மன்றத்தில் நடந்த உருப்படியான காரியம் அந்த மோட்டார் கேள்விதான்.

பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீத இடஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. நகர்ப்புறத்தில் அது நடைமுறைக்கு வந்தது 2022 தேர்தலில். கணவர் கூடவே வந்து பேசுவது, அதிகாரிகளும் கணவருக்கே போன் போடுவது எல்லாம் நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே மன்றத்தில், தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்கள் குடிநீர்ப் பொருள் வரும்போது கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருப்பதையும் பார்த்திருக்கிறேன். 'தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை' என்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. 'எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள், எவ்வளவு நேரம், மேட்டுத் தெருவுக்கு எப்போது ஏறுகிறது' என்று போகிறார்கள். வால்வு திறப்பவர் வரைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது பணம். இதைப் புரிந்துகொண்டால் கூட்டத்தில் பாதி புரிந்துவிடும். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைச் சுங்கம், இவையெல்லாம் நகராட்சியின் சொந்த வருமானம். இதில் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம் போக வேண்டும். எங்கள் பக்கம் போலத் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கும் ஊர் என்றால், வாங்குகிற தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவது குறைவு. எனவே ரோடு, வாய்க்கால், பூங்கா போன்றவை அநேகமாக மேலே இருந்து வரும் பணத்தில்தான் நடக்கும்: மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், மத்திய அரசின் அம்ருத் திட்டம், மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் என்று பல பெயர். அந்தப் பணம் எதற்கு என்பதும் பெரும்பாலும் வரும்போதே முடிவாகி வரும். 'எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை' என்று கேட்டால் 'நிதி இல்லை' என்ற பதிலே வரும். 'எங்கள் தெரு எந்தத் திட்டத்தில் முன்மொழியப்பட்டிருக்கிறது' என்று கேளுங்கள். முன்மொழிவே போகவில்லை என்றால் அப்போது தெரிந்துவிடும்.

சொத்து வரி விஷயத்தில் மன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பது 2022-ல் வெட்ட வெளிச்சமானது. புதிய கவுன்சிலர்கள் மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அரசு சொத்து வரிச் சீராய்வை அறிவித்தது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. வார்டுக்குள் போய் நன்றி சொல்லி முடிக்கும் முன்பே, வரி உயர்வுத் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டிய நிலை. எதிர்த்துப் பேசியவர்கள் பேசினார்கள், தீர்மானம் நிறைவேறியது. மறுத்துவிட்டால் என்ன? 15-வது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, வசூலையும் தொடர்ந்து உயர்த்திக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தது. மானியம் நின்றால் குப்பை வண்டியும் தண்ணீர் வேலையும் நிற்கும். இந்த முடிச்சை மக்களிடம் யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. 'நகராட்சி வரியை ஏற்றிவிட்டது' என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு. உயர்வு சரியா தவறா என்று விவாதிக்க வேண்டிய இடம் மன்றம். ஆனால் முடிவெடுத்த இடம் அது அல்ல.

மன்றம் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கக்கூடியது, ஆனால் யாரும் கவனிக்காதது ஒன்று உண்டு. அது ஏலம். பேருந்து நிலைய சைக்கிள் ஸ்டாண்ட், தினசரிச் சந்தையில் சுங்கம் வசூல், கட்டணக் கழிப்பிடம், ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டி, இவையெல்லாம் குத்தகைக்குப் போகும். நிதியாண்டு முடியும் நேரத்தில், பிப்ரவரி, மார்ச் அஜெண்டாக்களில் இது வரிசையாக வரும். அதில் 'ஏலம் கோர எவரும் முன்வராததால்' என்ற வார்த்தை இருந்தால் அங்கே நின்று படியுங்கள். ஏலம் ஒத்திவைப்பு, மறுபடி ஒத்திவைப்பு, பிறகு குறைந்த தொகைக்கு ஒருவர் கேட்டார், வேறு யாரும் கேட்காததால் அதை ஏற்கலாம் என்று அலுவலகக் குறிப்பு. சில சமயம் உண்மையிலேயே ஆள் வராது. பேருந்து நிலையம் இடம் மாறியிருக்கலாம், சந்தையில் வியாபாரம் படுத்திருக்கலாம். சில சமயம் எடுக்க வருகிறவர்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலையை இறக்குவார்கள். இரண்டில் எது என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சைக்கிள் ஸ்டாண்டுக்குக் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வண்டி நிறுத்த இடமில்லாமல் நிற்கிறது, ஆனால் குத்தகைத் தொகை போன தடவையை விடக் குறைவு என்றால் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. இது பெரிய ஊழல் செய்தியாக வராது. ஆனால் நகராட்சி கையில் தாராளமாகச் செலவழிக்கக் கிடைக்கும் கொஞ்சப் பணமே இதுதான்.

சிலர் கேட்பார்கள், இதற்குக் கவுன்சிலர்களே எதற்கு, அதிகாரிகளே பார்த்துக்கொள்ளலாமே என்று. அப்படியும் நடந்தது. முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. நகராட்சியில் ஆணையரேதான் தனி அலுவலர். அந்தக் காலத்துத் தீர்மானப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அலுவலகக் குறிப்பை அனுப்பியவர் ஆணையர், கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று தனி அலுவலராகக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. நல்ல ஆணையர்கள் அந்தச் சமயத்திலும் நன்றாக வேலை செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் காயில் கட்டிய கணக்கை எழுந்து கேட்க ஓர் ஆள் கிடையாது. சாக்கடை அடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியாமல் மக்கள் அலைந்தார்கள். மன்றத்தில் குறை ஆயிரம் இருந்தும் அது வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அந்த வருடங்களைப் பார்த்ததால்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கூட்டத்துக்கே போய் உட்காருவது ஊருக்கு ஊர் வேறுபடும். எங்கள் ஊரில் பின்வரிசையில் பார்வையாளருக்கு நாற்காலி உண்டு, ஆனால் பேச முடியாது. அதைவிடப் பயனுள்ளது பகுதி சபா. வார்டு குழு, பகுதி சபா விதிகளை அரசு 2022-ல் கொண்டுவந்தது. கிராமசபை போல நகரத்திலும் வார்டைச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து மக்களைக் கூட்டும் ஏற்பாடு. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாகப் பரவலாக நடந்தது. பல இடங்களில் ஒரு ஷாமியானா, இருபது முப்பது நாற்காலி, தெரிந்தவர்களுக்கு மட்டும் தகவல் என்று நடக்கிறது. எப்போது கூட்டுகிறார்கள் என்று கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். அங்கே குறையைச் சொல்வதோடு விடாமல், சொன்னது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எழுதினால்தான் அது மன்றத்துக்கு ஒரு பொருளாக ஏறும்.

அப்புறம், அஜெண்டாவும் தீர்மானமும் ரகசிய ஆவணம் அல்ல. கவுன்சிலர் நல்லவராக இருந்தால் அவரே ஒரு பிரதி தருவார். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஊழல் நடந்ததா' என்றெல்லாம் கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'இன்ன தேதியில் நடந்த சாதாரணக் கூட்டத்தின் பொருள் நிரல், தீர்மானங்களின் நகல்' என்று மட்டும் கேளுங்கள். கிடைத்ததும் முதலில் உங்கள் வார்டு எண் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். பிறகு 'செய்யப்பட்ட வகையில்' என்று முடியும் பொருள்களைக் கோடிட்டு, அந்த வேலை உங்கள் தெருவில் நடந்ததா என்று நேரில் பார்த்து வாருங்கள்.